நீங்கள்தானா என்று கேட்ட கைபேசி

என் மகன் ஆரணியில் ஒரு பட்டுப் புடவை மொத்த வியாபாரக் கடையின் கணினிப் பிரிவைக் கவனித்துவந்தான். யார் எந்தக் கணினியில் நுழையலாம், எந்தக் கைபேசியைக் கடையின் அமைப்போடு இணைக்கலாம், விலகிப்போனவரின் கணக்கை எப்போது நீக்குவது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஒருவருடைய கடவுச்சொல்லில் இன்னொருவர் நுழைவதை அவன் பொறுத்ததில்லை. செய்யாறு தொழிற்பேட்டையில் பார்த்த முதல் வேலையில் பழகிய கண்டிப்பு அது.

காலையில் அவனுடைய கணக்கைத் திறந்தால்தான் கடையில் பில் போட முடியும். திறக்கும்போது அவன் கைபேசி ஒலித்து, உள்நுழைய முயல்வது நீங்கள்தானா என்று கேட்கும். கீழே இரண்டு விடைகள்: 'ஆம், நான்தான்', 'இல்லை, நான் இல்லை'.

மருத்துவமனையில் அவன் மூச்சுக்குத் திணறிய நாட்களிலும், கடையில் வேறு யாரோ அவன் கடவுச்சொல்லைப் போட்டபோதெல்லாம் அது ஒலித்தது. முகத்திலிருந்த ஆக்சிஜன் கவசத்தை விலக்கி, கைபேசியின் திறப்பு எண்ணை எனக்குச் சொன்னான்.

"நீயே அமுக்கிடுப்பா. கஸ்டமருங்க நின்னுகினு இருப்பாங்க."

அவன் என்னிடம் முழுதாகச் சொல்லி முடித்த கடைசி வாக்கியம் அது.

தகனம் முடிந்த மறுநாள் கடை மேலாளர் அழைத்தார்.

"சார், மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா கடையத் தொறந்துட்டோம். அவரு போன்ல இப்ப வரும் பாருங்க. ஜல்தியா அமுக்கிடுங்க."

அமுக்கினேன். அன்றிலிருந்து தினமும் 'ஆம், நான்தான்' என்பதை அமுக்கினேன். அந்த ஒலி எழுந்ததும் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். "அத எங்கியாவது கொண்டுபோய்ப் போடுங்களேன்" என்பாள் என் மனைவி. கணக்கை வேறொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்படி மேலாளரிடம் கேட்டேன். அது பெரிய வேலை, சென்னையிலிருந்து ஆள் வரவேண்டும், முகூர்த்த சீசன் முடியட்டும் என்றார்.

காரியத்தன்று ஆற்றங்கரையிலும் மேலாளரின் அழைப்பு வந்தது. "புரோகிதர ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க சார்." என் ஈரவிரலைத் திரை ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி அமுக்கினேன். புரோகிதர் காத்திருந்தார்.

பிறகு ஒரு காலை, மேலாளர் அழைப்பைத் துண்டிக்க மறந்து, பக்கத்தில் யாரிடமோ பேசினார்.

"இன்னாபா, செத்தவன் பேர்லயா கடைய தொறக்கிறீங்க?" என்றது அந்தக் குரல்.

"அவன் செத்தும் டூட்டிக்கு வந்துகினு கீறான்பா. லீவும் கேக்கமாட்டான், சம்பளமும் கேக்கமாட்டான்."

பலர் சிரித்தார்கள். மேலாளர் என்னிடம் அவனை எப்போதும் 'அவரு' என்றுதான் சொல்வார். மகனின் கைபேசி என் மடியில் நீங்கள்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தது. 'இல்லை, நான் இல்லை' என்பதை அமுக்கினேன். கணக்கு பூட்டப்பட்டது என்று திரை அறிவித்தது.

சிறிது நேரத்தில் மேலாளர் பைக்கில் வந்து இறங்கினார்.

"இன்னா சார் இப்பிடிப் பண்ட்டீங்க? கல்யாணப் பார்ட்டிங்க அப்படியே நின்னுகினு கீறாங்க. கை தவறிப் பட்டுடுச்சா?"

"இல்ல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"படிச்சவரு பண்ற வேலையா சார் இது?"

என் மனைவி அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் வாசலில் நின்றபடியே சென்னைக்குப் பேசினார். காபியைக் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"முடிஞ்சிட்ச்சாம். எம்பேருக்கு மாத்திட்டாங்க."

"பெரிய வேலைன்னீங்களே?"

"கேட்டிருந்தா அன்னிக்கே பண்ணியிருப்பாங்க சார். நீங்கதான் வூட்ல சும்மா இருக்கீங்களேன்னு வுட்டுட்டோம்." டம்ளரைக் கீழே வைத்தார். "காபி நல்லா இருக்குதுமா."

மறுநாள் கடை திறக்கும் நேரத்தில் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் கடந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"ஏங்க, இன்னிக்கு அது கேக்கலியா?"

"இனிமே கேக்காது" என்றேன். அவள் அங்கேயே நின்றாள். கைபேசியைச் சார்ஜில் போட்டேன்.