அமைச்சருக்கு ஒரு தம்ளர் தண்ணீர்

அமைச்சர் அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்கே வந்து, பதினொரு நாளிதழ்களை விரித்துப்போட்டு, அமைச்சரைப் பற்றி வந்ததையெல்லாம் வெட்டி நீலக் கோப்பில் ஒட்டுவது அவர் உத்தியோகம். புகழ்ந்தவை கோப்புக்கு, திட்டியவை குப்பைக்கூடைக்கு. இரண்டும் கலந்து வந்தால்தான் கலை தேவைப்படும். இதுவரை நான்கு அமைச்சர்கள் அந்தக் கோப்பைப் படித்து நிம்மதியாக ஆட்சி நடத்தினார்கள். தேர்தலில் தோற்ற அன்று, இந்த மக்களுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று நான்கு பேருமே உண்மையாகவே வியந்தார்கள்.

ஒரு புதன்கிழமை, வாசகர் கடிதப் பகுதியில் தன் மனைவியின் பெயரையும் முகவரியையும் பார்த்ததும் கத்திரியின் கை நின்றது.

"எங்கள் தெருக் குழாயில் நாற்பது நாளாகக் காற்றுதான் வருகிறது. குழாய்த் திறப்புவிழாவில் அமைச்சர், 'உங்கள் தாகம் தீர்ப்பதே என் முதல் கடமை' என்று உருகினார். நாங்கள் கண் கலங்கிக் கைதட்டினோம். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்."

உடனே மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, பாத்தீங்களா? முழுசா ஒட்டுங்க."

"ஒட்டினா என் வேலை போயிடும்டி."

"ஒட்டலைன்னா வீட்டுல சோறு கிடையாது. தண்ணியில்லாம எதுல உலை வைக்கறது?"

கத்திரிக்கு வேலையும் வேண்டும், சோறும் வேண்டும். முதல் வரியையும் கடைசி வரியையும் வெட்டிவிட்டு, நடுவில் இருந்ததை முகவரியோடு பக்குவமாக ஒட்டினார்.

அமைச்சர் படித்து நெகிழ்ந்துபோனார். "நாளைக்கே இந்தம்மா வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கணும்யா. கேமராக்காரங்களைக் கூப்பிடு!"

நாற்பது நாளாகத் திறக்க முடியாத வால்வை, குடிநீர்ப் பொறியாளர்கள் நாற்பதே நிமிடத்தில் திறந்தார்கள்.

மறுநாள் அமைச்சர் தண்ணீர் குடித்தார், கேமராக்கள் மின்னின. அது தன் அலுவலக ஊழியர் ஒருவரின் வீடு என்பது அவருக்குத் தெரியாது. கத்திரி சமையலறைக் கதவுக்குப் பின்னால் வாளியோடு பதுங்கியிருந்தார். மனைவியோ குடம், அண்டா, குக்கர் என்று ஓடி ஓடி நிரப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "அம்மா, இந்த நேரத்துல என்ன தோணுது உங்களுக்கு?"

"கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, குடம் வழியுது."

'மகிழ்ச்சியில் பேச்சிழந்த இல்லத்தரசி' என்று எல்லாச் சேனல்களும் உடனே தலைப்புப் போட்டன. அமைச்சரின் கார் தெருமுனை திரும்பியதும், குழாய் இரண்டு முறை தும்மிவிட்டுப் பழையபடி காற்றுக்குத் திரும்பியது.

அன்று மாலை மனைவி பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருப்பதைக் கத்திரி பார்த்தார்.

"மறுபடியும் புகாரா?"

"சேச்சே, நன்றிக் கடிதம்."

வாங்கிப் படித்தார். "அமைச்சர் வாராவாரம் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் அருந்த வேண்டும் என்பதே இந்தத் தெருவின் தாழ்மையான ஆசை."

மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு, வெட்ட ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை.

"இப்ப முழுசா ஒட்டுவீங்கல்ல?" என்றாள் மனைவி.