கருத்துக்கணிப்புக்குப் பதில் சொன்னவர்

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரில் எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவில், தேர்தல் சமயத்தில் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் பேனா. தன் மகன் வீட்டில் தங்கியிருந்தார். டிவிக்காகக் கருத்துக்கணிப்பு எடுப்பவர்கள் போன் செய்தால் நாங்களெல்லாம் துண்டித்துவிடுவோம். அவரோ வரி, எல்லை, மருத்துவச் செலவு என்று ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்வார்.

"அங்கிள், உங்களுக்கு ஓட்டு இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லப்பா, கிரீன் கார்டுதான், குடியுரிமை இல்ல. அதைக் கடைசியிலதான் சொல்வேன். முதல்லயே சொன்னா போனை வச்சிடுவாங்க. வீட்ல எல்லாரும் பிஸி. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு இவங்கதான் கேக்கறாங்க."

இப்போதும் டிவியில் 'அமெரிக்கா நினைப்பது இதுதான்' என்று சதவீதங்கள் ஓடும்போது அவர் நினைவு வருகிறது. அவர் என்ன நினைத்தார் என்று நானும் கேட்கவில்லை.