கடை காலியானால் கிளம்பிவிடலாம்

ஊட்டியில் ஜூன் மாதம் துவைத்த சட்டை ஜூலையில் காயும் என்றால் கீழே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, அதில் ஒரு வியாபாரத்தைப் பார்த்தேன். அப்போது எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தொழில் தொடங்கி முன்னேறுவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களை ஒரு சூட்கேஸ் நிறையச் சுமந்துகொண்டு சொந்த ஊருக்கு ஏறியிருந்தேன். எல்லாப் புத்தகமும் வேறு வேறு அட்டையில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது: மக்களின் வலி எதுவென்று கண்டுபிடி, அதற்கு மருந்து விற்றுவிடு. எங்கள் ஊரின் வலி வீட்டுக்கு வீடு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து துணி உலர்த்தும் பெரிய மெஷினை வாங்கி, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டேன். இதை ஸ்டார்ட்அப் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். சந்தில் மற்றவர்கள் ‘துணி காயற கடை’ என்றார்கள். பெங்களூரில் சொந்தக் கம்பெனிக்கு அடி போட்டுக்கொண்டிருந்த கல்லூரி நண்பனுக்குப் போன் செய்து பெருமையடித்தேன்.

“சரி, இதை எப்படிடா பெருசு பண்ணுவே?”

“அடுத்தது குன்னூர். அப்புறம் கோத்தகிரி. அப்புறம் கோயம்புத்தூர்.”

“கோயம்புத்தூர்ல வெயில் ஓசியாக் கெடைக்குதேடா.”

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் போட்டியாளர் சூரியன். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே மொத்த மார்க்கெட்டும் அவர் கையில். பனிமூட்டம் எதுவரை இறங்குமோ அதுவரைதான் என் சாம்ராஜ்யம்.

ஆனாலும் முதல் மழைக்காலத்தில் கூட்டம் நெரிந்தது. அதுவரை கரி அடுப்பின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் பள்ளிச் சீருடையைக் காயவைத்து, பிள்ளைகளைப் புகை வாசனையோடு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்தார்கள். எதிரே வர்க்கி ரொட்டி சுடும் பேக்கரிக்காரர்கூட வந்தார். உங்கள் அடுப்புச் சூட்டிலேயே காயப் போடலாமே என்றேன்.

“போட்டுப் பாத்தேனுங்க. வர்க்கியில சோப்பு வாசம் வருதுன்னு ஜனம் திட்டுது.”

சிக்கலைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். காய்ந்த துணியை மடித்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

“ஊட்டுக்குக் கொண்டுபோனா பொழுது சாயறதுக்குள்ள மறுபடியும் சில்லுன்னு ஆயிருதுங்க. பீரோவுல வெச்சா பூசணம் புடிக்குது. இங்க கதகதன்னு இருக்குதில்ல? இங்கயே இருக்கட்டும். வேணுங்கறப்ப வந்து எடுத்துக்கறனுங்க.”

அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பெருந்தன்மையாக ஓர் அலமாரி வாங்கிப் போட்டேன். அந்த மாதம் முடிவதற்குள் சுவர் தெரியவில்லை. கூடலூர் பஸ் கண்டக்டர் ஒருவர் மாற்றுக் காக்கிச் சட்டையை என்னிடம் வைத்தார். வழியில் நடுவட்டம் ஊரில் நனைந்தால் நேராகக் கடைக்கு வந்து அலமாரிக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொள்வார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தம் ஒரே கறுப்புக் கோட்டை ஒப்படைத்தார். கல்யாணம், சாவு இரண்டுக்கும் என் கடை வழியாகத்தான் போவார், வருவார். உலர்த்துவது என் தொழில் என்று நான் நினைத்திருந்தேன். ஊர் என்னைப் பீரோவாக நியமித்திருந்தது.

பீரோவுக்கு லீவு கிடையாது. காய்ச்சலில் படுத்தாலும் கதவைத் தட்டி, “எந்திரிக்க வேண்டாம் தம்பி, சாவிய மட்டும் எறிங்க” என்பார்கள். வாடிக்கையாளரைத் தக்கவைப்பதில் நீ மேதை என்றான் நண்பன். யார் யாரைத் தக்கவைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமிருந்தது.

இரண்டாம் வருடம் அவனே கூப்பிட்டான். “பார்ட்னரா வந்துரு. தை பொறக்கறதுக்குள்ள வா. அதுக்கு மேல உன் எடத்தப் புடிச்சு வெச்சிருக்க முடியாது.”

நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாயிருக்கிறது. வியர்க்கிற ஊர், கண்ணாடி மேஜை, அடுத்தவர் பனியனைத் தொடாத ஒரு வாழ்க்கை. அன்றே கடை வாசலில் எழுதி ஒட்டினேன்: ‘கடை மூடப்படுகிறது. துணிகளை எடுத்துச் செல்லவும்.’

மறுநாள் காலையில் வரிசை நின்றது. நெகிழ்ந்துபோய் ஷட்டரைத் தூக்கினேன். எல்லார் கையிலும் ஈரக் கம்பளி.

“மூடறீங்களாமா? அதுக்குள்ள இதையும் ஒருக்காப் போட்டு எடுத்துரலாம்னுதானுங்க.”

வாத்தியார் என்னை மனதார வாழ்த்தினார். “படிச்ச பையன், போய் முன்னுக்கு வா. கோட்டு மட்டும் இங்க இருக்கட்டும்.”

“கடையே இருக்காதுங்களே சார்.”

“அதனாலென்ன, கோட்டு இருக்குமில்ல?”

கடையை மெஷினோடு விற்றுவிடப் பார்த்தேன். பஜாரில் லாட்ஜ் வைத்திருந்த பாய் ஒருவர் வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். பிறகு அலமாரிகளைப் பார்த்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆளும் கூட வருவீங்கள்ல?”

“நான் பெங்களூர் போறேன் பாய்.”

“அப்ப இந்தத் துணிக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? நான் மெஷின் வாங்க வந்தேன் தம்பி, ஊர்ப் பகையை வாங்க வரல.”

வீடு வீடாகக் கொண்டுபோயும் கொடுத்துப் பார்த்தேன். காலையில் நான் கொடுத்த மூட்டை மாலையில் எனக்கு முன்னால் கடையில் இருக்கும்.

கடைசியில் என்னைக் காப்பாற்ற வந்தவர் என் போட்டியாளர். மார்கழியில் உறைபனி விழுந்தது. விடிந்ததும் கண் கூசும் வெயில் அடித்தது. ஊர் முழுக்கக் கொடி கட்டினார்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாகப் போயின. கண்டக்டர் காக்கியை எடுத்துக்கொண்டார். மேட்டுப்பாளையத்தில் ஏதோ சாவு என்று கோட்டும் இறங்கிப் போயிற்று. என் கடைச் சுவர் பச்சை நிறம் என்பதை மறந்தே போயிருந்தேன்.

தை பிறக்க இன்னும் சில நாள் இருந்தது. மெஷினை விற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன். மெஷினை அணைத்துத் துடைத்து, என் பையைக் காலி அலமாரியில் வைத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கியபோது, பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து சந்து முழுவதையும் மூடியது. அதற்குள்ளிருந்து பேக்கரிக்காரர் பக்கெட்டோடு வந்தார்.

“பேரன் பொறந்து ஒரு வாரங்கூட ஆகலீங்க. ஈரம் மாத்தத் துணியில்ல. திடீர்னு இப்புடி மூடிக்கிச்சு. கொஞ்ச நேரந்தானுங்களே?”

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போட்டேன். நேரத்துக்குக் காய்ந்தும்விட்டது. எல்லாவற்றையும் மடித்து நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்து, பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

“மீதி இங்கயே இருக்கட்டுங்க. ராத்திரிக்கு வேணுமில்ல, ஊட்டுல வெச்சா சில்லுன்னு ஆயிரும்னு சம்சாரம் சொல்லியனுப்புச்சு.”

நான் வாய் திறப்பதற்குள் பனிமூட்டத்துக்குள் போய்விட்டார். கையில் துணிகள் கதகதவென்று இருந்தன. அலமாரியிலிருந்து என் பையை எடுத்துத் தரையில் வைத்தேன். அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, துணிகளை அடுக்கினேன்.