உள்ளேன் அக்கா

குழந்தைகளுக்குப் பேய்க் கதை படித்துக் காட்டக் கூடாது என்று எங்கள் மன்றத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதியைப் போட்டவளே நான்தான். அப்படிப்பட்டவள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால், பொழுது போகாமல் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்தது 1971 நவம்பர் 20, சனிக்கிழமை. மணி, நிமிஷம் எல்லாம் சரியாகவே சொல்வேன். அந்த அறையில் எனக்குத் துணை ஒரு சுவர்க் கடிகாரம்தான். ஆள் இல்லாதபோது அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் பழக்கம்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பெயர் ஹில்டா. சொந்த ஊர் நாசரேத். சிட்லபாக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். ஏரிக்கரைக்குப் போகும் தெருவில் 'சிறுவர் வாசிப்பு மன்றம்' என்று ஒன்று இருந்தது. அதற்கு நூலகர், பியூன், பெருக்குகிறவள் எல்லாம் நானே. ஒரே ஒரு அறை. இரண்டு பீரோ புத்தகம். ஒரு நீளமான கோரைப்பாய். முன்னால் வராந்தா. ஒரு கதவு, தெருவைப் பார்த்த ஒரு கம்பி ஜன்னல். பின்வாசல் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாளெல்லாம் புத்தகம் கொடுத்து வாங்குவேன். சனிக்கிழமை ஐந்திலிருந்து ஆறு வரை கதை வாசிப்பு. நான் வீட்டில் கடைக்குட்டி. என்னை 'அக்கா' என்று கூப்பிட உலகத்தில் யாரும் இருந்ததில்லை. அதனால் பிள்ளைகளிடம் டீச்சர் என்று சொல்லாதீர்கள், அக்கா என்று சொல்லுங்கள் என்று சட்டம் போட்டிருந்தேன். பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் அக்கா' என்பார்கள். கதை படிக்கும்போது 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் படிப்பதை நிறுத்திவிடுவேன். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மன்றத்தின் செயலாளர் பத்ரிநாராயணன், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். நல்ல மனிதர், ஆனால் கறார்.

"பத்து குழந்தையாவது வரணும்மா. இல்லேன்னா ரூமை டைப் இன்ஸ்டிட்யூட்டுக்கு விட்டுடலாம்னு கமிட்டி சொல்றது."

எனக்கு வந்துகொண்டிருந்தது ஒன்பது.

அக்டோபர் 9ஆம் தேதி அவர் பதிவேட்டைப் பார்க்கப்போகிறார் என்று தெரியும். அன்றைக்கும் ஒன்பதுதான். ஜன்னலில் மட்டும் வழக்கம்போல் அந்தச் சிறுமி நின்றுகொண்டிருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் தெருக்களில் மீன் விற்கும் முத்தாலம்மாளின் மகள். அம்மா கூடையோடு சுற்றிவிட்டு வரும்வரை இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதை கேட்பாள். எட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் போனதில்லை. உள்ளே பிள்ளைகள் 'ம்' கொட்டி முடித்ததும், ஒரு நொடி பிந்தி, வெளியிலிருந்து ஒரு 'ம்' வரும். நான் எங்காவது நிறுத்தினால் "அப்பால?" என்று அவள்தான் முதலில் கேட்பாள். நான் காதில் விழாதது போல் இருந்துவிடுவேன்.

அன்றைக்கு நானே ஜன்னலுக்குப் போனேன்.

"உன் பேர் என்ன?"

"செல்வம்மா."

பதிவேட்டில் பத்தாவதாக 'செல்வம்மாள்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் பேரையாக்கா எய்துனே?"

"ஆமாம்."

"உள்ளேன்னு சொல்றாங்களே, அது இன்னாக்கா? உள்ள கீறேன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"அப்போ நானு உள்ள வரட்டா?"

மீன் வாடை அடித்தது. பாவாடையில் செதில் ஒட்டியிருந்தது. கதை கேட்க வரும் கிருபாவின் அம்மா ஏற்கெனவே ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஜன்னலைச் சாத்தக் கூடாதா?" என்று கேட்டிருந்தார். அது நினைவுக்கு வந்தது.

"அடுத்த சனிக்கிழமை வா. நல்லா குளிச்சிட்டு, புதுத்துணி கட்டிக்கிட்டு வா. உள்ளே உட்காரலாம்."

தலையை வேகமாக ஆட்டிவிட்டு ஓடினாள். அவள் பெயருக்கு நேரே டிக் போட்டேன். செயலாளர் பத்து என்று எண்ணிப் பார்த்துத் திருப்தியாகப் போனார்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. ஜன்னலிலும் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒன்பது பேரைக் கூப்பிட்டேன். பத்தாவது பேரைக் கூப்பிடாமலே டிக் போட்டேன். வாராவாரம் அப்படியே.

அக்டோபர் 23. "அக்கா, இங்க ஈரமா இருக்கு," என்று ஐசக் எழுந்து தள்ளி உட்கார்ந்தான். ஜன்னலோரம் பாயின் கடைசி முனை. அன்று மழை இல்லை.

அக்டோபர் 30. பாயை உதறினேன். அந்த முனையிலிருந்து மணல் கொட்டியது. வெள்ளை மணல், பொடி மணல். எங்கள் தெரு முழுக்கச் செம்மண். யார் காலில் ஒட்டி வந்ததோ என்று கூட்டித் தள்ளினேன்.

நவம்பர் 6. படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் 'ம்' கொட்டினார்கள். ஒரு நொடி பிந்தி... இன்னொரு 'ம்'. வந்துவிட்டாள் என்று ஜன்னலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

நவம்பர் 13 அன்று செயலாளர் வழியில் பிடித்துக்கொண்டார். "ரெஜிஸ்டர்ல பத்து இருக்கு, பாயில ஒன்பதுதான் உட்கார்றதுன்னு கமிட்டியில யாரோ சொல்றா. வர்ற சனிக்கிழமை ஆறு மணிக்கு நானே வந்து தலையை எண்றேன்."

முத்தாலம்மாளைத் தேடினேன், மகளைக் கையோடு கூட்டி வரச் சொல்லலாம் என்று. அவள் எங்கள் பக்கம் வந்தே பல வாரம் ஆகிறது என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மத்தியானத்திலிருந்து அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

5.00. ஒருவரும் வரவில்லை.

5.20. ஒருவரும் வரவில்லை. சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன். கதவையும் தாழிட்டேன்.

5.40. சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது. பிறகு மழையும் ஏரித் தவளைகளும்தான்.

5.52. கரண்ட் போயிற்று. அரிக்கேன் விளக்கை ஏற்றினேன். எண்ணெய் அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

இனி யாரும் வரப்போவதில்லை. ஆறு மணிக்கு அவர் வந்து காலிப் பாயை எண்ணுவார். அத்தோடு எல்லாம் முடிந்தது. சனிக்கிழமை மாலைகளில் இனி எங்கே போவேன்? மாடி அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசித் தடவையாகப் பேர் கூப்பிட்டுவிடலாம் என்று பதிவேட்டைத் திறந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆளில்லாத அறையில் வாய்விட்டுப் பேசுவது ஒன்றும் அதிசயமில்லை.

"ஐசக்."

மழைச் சத்தம்.

"கிருபா."

மழைச் சத்தம்.

ஒன்பது பேரையும் கூப்பிட்டேன். பத்தாவது பேரை அதுவரை ஒருமுறைகூட நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை.

"செல்வம்மாள்."

"உள்ளேன் அக்கா."

மணி 5.58.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. மழையோடு மழையாக வந்து நிற்கிறாளே! கை தன் பாட்டுக்கு டிக் போட்டது. "ஏன் வெளியே நிக்கிறே?" என்று விளக்கைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது. கொக்கி போட்டபடியே இருந்தது.

குரல் வெளியிலிருந்து வரவில்லை.

பாயிலிருந்து வந்தது.

விளக்கை நீட்டினேன். பாய் காலி. ஒரு வாசனை மட்டும் வந்தது. மீன் வாடை இல்லை. பச்சை மஞ்சள்... அதோடு கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை. அந்த அறையில் மஞ்சளும் இல்லை, புதுத்துணியும் இல்லை.

ஓடியிருக்கலாம். ஆனால் கதவு பாயைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தது.

என் குரலையாவது கேட்டால் போதும் என்று தோன்றியது. அன்றைக்கு எடுத்து வைத்திருந்த புத்தகத்தைத் திறந்தேன்.

"மழையில் ஒரு எலிக்குஞ்சு தனியாக நின்றது..."

"ம்."

நிறுத்தினேன். அமைதி.

"முதல் வீட்டுக் கதவைத் தட்டியது. உள்ளே வரட்டுமா என்று கேட்டது..."

"ம்."

இப்போது கொஞ்சம் பக்கத்தில்.

"வீட்டுக்காரர்கள்... நாளைக்கு வா என்றார்கள்."

இந்த 'ம்' வர நேரமாயிற்று. மெதுவாக வந்தது.

பாய் சரசரத்தது. யாரோ உட்கார்ந்தபடியே நகர்ந்து வருகிற சத்தம்.

6.09. விளக்கு ஒருமுறை துடித்தது. அணைந்தது.

கும்மிருட்டு.

எழுத்து தெரியவில்லை. வாய் திறக்கவில்லை.

"அப்பால?"

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை.

கதையின் முடிவு எனக்கு மறந்துபோயிற்று. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கடைசி வீட்டுக்காரி... கதவைத் திறந்தாள்..."

"ம்."

"உள்ளே வா... என்றாள்."

என் முழங்காலில் ஈரம் பட்டது. ஜில்லென்று.

"ம்."

டக்... டக்... டக்...

"ஹில்டா! கதவைத் திறங்கோ!"

எப்படி எழுந்தேன், பாயை எப்படித் தாண்டினேன், தெரியாது. தாழ்ப்பாளைத் திறந்தேன். குடையும் டார்ச்சுமாகச் செயலாளர் நின்றிருந்தார். டார்ச் வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். 6.14.

"பத்து நிமிஷமா வராந்தாவிலதான் நிக்கறேன். கதையைக் கெடுப்பானேன்னு தட்டலை," என்றார். அவர் குரலே மாறியிருந்தது. "இந்த மழையில வந்திருக்கறது ஒரே ஒரு குழந்தை. அதுக்காக இருட்டுல உட்கார்ந்து கதை சொல்றீங்களே அம்மா! அது என்ன அழகா 'ம்' கொட்றது! எங்கே அது?"

டார்ச்சை உள்ளே அடித்தார். பாய். அதன்மேல் ஒரு ஈரத் தடம், ஜன்னலோரத்திலிருந்து என் நாற்காலி வரைக்கும். கொஞ்சம் வெள்ளை மணல்.

"பின்பக்கமாப் போயிடுத்தா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பின்பக்கம் வழியே இல்லை என்று அவருக்கு நினைவில்லை.

"கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன். ரூம் மன்றத்துக்குத்தான். நீங்க நடத்துங்கோ."

அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகும் மனது சமாதானம் தேடியது. எங்காவது ஒளிந்திருப்பாள், பீரோவுக்குப் பின்னால் புகுந்திருப்பாள், அவர் உள்ளே வந்ததும் நழுவியிருப்பாள்... அப்படியே நான்கு நாளை ஓட்டினேன். நவம்பர் 24, புதன்கிழமை காலை 8.10. தெருவில் மீன்காரியின் குரல் கேட்டது. மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். முத்தாலம்மாள்தான். பாதியாக இளைத்திருந்தாள்.

"செல்வம்மா எங்கே? சனிக்கிழமை அந்த மழையில..."

அவள் கூடையைக் கீழே இறக்கினாள்.

"அது பூட்ச்சும்மா. புரட்டாசி கடசி புதங்கெயம. ரெண்டே நாள் ஜொரம்."

கூடையின் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்தேன்.

"உன்னியத்தாம்மா கேட்டுகினே இருந்துச்சு. அக்கா என் பேரை எய்திகிச்சு, சனிக்கெயம உள்ள வரச் சொல்லிச்சு, குளிச்சிட்டுப் புதுத்துணி கட்டிகினு வரச் சொல்லிச்சுன்னு ஒரே ரோதனை. இருக்கசொல்ல ஒரு துணி வாங்கிக் குடுக்க முடியல. அப்பால நாங்கதான் மஞ்சா பூசிக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, கடலாண்ட மணல்ல கொண்டுபோய் வெச்சோம்."

கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன்.

மன்றத்துக்குப் போய்க் காலண்டரைப் புரட்டினேன். புரட்டாசி கடைசிப் புதன், அக்டோபர் 13. பதிவேட்டைத் திறந்தேன். பத்தாவது பேருக்கு நேரே அக்டோபர் 16, 23, 30. நவம்பர் 6, 13, 20. ஆறு டிக். கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் பொய் எழுதுகிறோம் என்று பயந்துகொண்டே போட்டவை. அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

அந்தப் பதிவேட்டில் நான் எழுதிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதற்கு முந்திய டிக். அவள் உயிரோடு ஜன்னலுக்கு வெளியே நின்ற அக்டோபர் ஒன்பது.