கடந்துபோன செவ்வாய்க்கு ஒரு ஜெபம்

போன மாதம் கொழும்பிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. என் மனைவி ரஞ்சியின் தங்கை செல்வி எழுதியிருந்தாள். "வாற செவ்வாய்க்கிழமை இருதயத்திலை ஒப்பரேசன். பயமாயிருக்கு அக்கா. எல்லாரும் ஜெபியுங்கோ."

கடிதம் கைக்குக் கிடைத்தபோது அந்தச் செவ்வாய் போய் மூன்று கிழமை!

இதில் என்ன புதினம் என்கிறீர்களா? இந்தச் சண்டைக் காலத்தில் நம்மூரில் எதுதான் நேரத்துக்கு வருகிறது? சவர்க்காரம் வருவதில்லை. மண்ணெண்ணெய் வருவதில்லை. கப்பல் வந்தால் கடிதம் வரும் – கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. நேரம் தவறாமல் வருவது குண்டு போடும் பொம்பர் ஒன்றுதான்.

ஆனால் ரஞ்சியின் கவலை வேறு. தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஒப்பரேசன் முடிந்திருக்கும். செல்வி பிழைத்திருப்பாள்... அல்லது இல்லை. இரண்டில் ஒன்று நடந்தே விட்டது. இனி எதைக் கேட்டு ஜெபிப்பது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதை வாய்விட்டுக் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது!

ஜெயசீலன் மாஸ்ரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து ஊரான திருநெல்வேலியில் ரியூட்டரி ஒன்றில் பௌதிகம் படிப்பிக்கிறவர்.

"தாராளமா ஜெபிக்கலாம் தங்கச்சி. காலம் எண்டதும் ஆண்டவர் படைச்சதுதானே? உலகத்தோடை சேத்துத்தான் அதையும் படைச்சவர். அப்ப அவர் காலத்துக்கு வெளியிலை நிக்கிறார். நேற்று, இண்டைக்கு, நாளைக்கு – எல்லாம் அவருக்கு ஒரே பார்வையிலை. நீங்கள் இண்டைக்குச் செய்யிற ஜெபம் அண்டைக்கே அவருக்குக் கேட்டிருக்கும்."

ரஞ்சியின் முகம் தெளிந்தது. சபை மூப்பர் துரைராஜாவுக்கு அது பொறுக்கவில்லை.

"உதென்ன கதை மாஸ்ரர்? வேதத்திலை சாகக் கிடந்த ராசா சுவர்ப்பக்கம் திரும்பி அழ, ஆண்டவர் மனமிரங்கி ஆயுசைக் கூட்டிக் குடுத்தவரெல்லே? அழ முதல் ஒரு தீர்ப்பு, அழுத பிறகு இன்னொரு தீர்ப்பு. அவர் எங்களோடை நாளுக்கு நாள் கூட நடக்கிறவர். முடிஞ்சதை மாத்தச் சொல்லிக் கேக்கிறது அவரைச் சோதிக்கிற வேலை."

"மாத்தச் சொல்லேல்லை. நடக்கேக்கையே கேட்டிருப்பார் எண்டுதான் சொல்லுறன்."

"அப்ப போன வருசம் செத்த என்ரை மாட்டுக்கும் இப்ப ஜெபிக்கலாமோ?"

மாஸ்ரர் யோசித்தார். "மாடு செத்தது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகு ஏலாது."

"ஓகோ! அப்ப எங்களுக்குத் தெரியாமலிருந்தாத்தான் ஆண்டவராலை வேலை செய்ய ஏலுமோ?"

நல்ல கேள்விதான். ஆனால் பதில் வருவதற்குள் அவர்கள் உலகம் படைக்கப்படுவதற்கு முன்னால் போய்விட்டார்கள். அப்போது கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவர் கேட்க, 'முன்' என்ற பேச்சே அங்கே செல்லாது என்று மற்றவர் மறுக்க... ஜாம்போத்தல் விளக்கில் எண்ணெய் இறங்கிக்கொண்டே போனது. பிளேன்ரீ ஆறிப்போனது.

எனக்குச் சிரிப்பு வந்தது. படைப்புக்கு முன் நடந்ததை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் இந்த இருவருக்கும், மூன்று கிழமைக்கு முன் கொழும்பில் நடந்தது தெரியாது! யோசித்துப் பார்த்தால், கடவுளைப் போல நாங்களும் காலத்துக்கு வெளியேதான் இருக்கிறோம். ஒரே ஒரு வித்தியாசம் – அவருக்கு எல்லாம் தெரியும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ரஞ்சி எழுந்தாள்.

"ஆண்டவருக்கு எண்டைக்குச் செவ்வாய் எண்டு நீங்கள் ஆறுதலாத் தீர்மானியுங்கோ. எனக்கு இண்டைக்குத்தான் செவ்வாய்."

சொல்லிவிட்டு முழங்காலில் நின்றாள். அதன் பிறகு யார் வாதாடுவது? மூப்பர் ஜெபித்தார். "ஆண்டவரே, நடந்திருந்தால் நடந்தபடியும், நடவாதிருந்தால் நடக்க வேண்டியபடியும்..." – நொத்தாரிசு எழுதும் காணி உறுதிப் பத்திரத்தில்கூட இத்தனை பாதுகாப்பு இராது. 'ஆமென்' சொல்வதற்கு முன் மாஸ்ரர் ஒருமுறை செருமிக்கொண்டார்.

முந்தநாள் காலை, எங்கள் படலையில் சைக்கிள் மணி கேட்டது. சிவபாதம் அண்ணை! இங்கே உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். மகனைப் பார்க்கக் கொழும்பு போனவரிடம், செல்வியையும் ஒருக்கால் பார்த்து வரச் சொல்லி விலாசம் கொடுத்துவிட்டிருந்தோம். இரவு முழுக்க விழித்துக் கடலேரியைப் படகில் கடந்து, கிளாலியில் இறங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்கே வந்தார்.

"பிள்ளை, உங்கடை தங்கச்சி..."

கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த ரஞ்சி துள்ளி எழுந்து கையைக் காட்டித் தடுத்தாள். "அண்ணை, ஒண்டும் சொல்லாதையுங்கோ! ஒரு நிமிசம் பொறுங்கோ. நான் இன்னும் கேட்டு முடியேல்லை!"

அந்த ஈர நிலத்திலேயே முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். நெற்றி நிறையத் திருநீறோடு அவர் ஒன்றும் விளங்காமல் நின்றார். பாவம், செய்தி வாய்வரை வந்து நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை. நான் அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். இரவெல்லாம் படகில் குந்தியிருந்து வந்தவரின் முகம், நல்ல செய்தி என்றாலும் செத்தவீட்டு முகமாகத்தானே இருக்கும்?

ரஞ்சி கண்ணைத் திறந்தாள். "இப்ப சொல்லுங்கோ அண்ணை."

"சுகம் பிள்ளை. சொன்ன செவ்வாயே ஒப்பரேசன் நடந்ததாம். எழும்பி நடந்து திரியிறா. எனக்குத் தன்ரை கையாலை தேத்தண்ணி போட்டுத் தந்தவ."

ரஞ்சி குழறி அழுதாள். நானும்தான் – இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பின்னேரமே செய்தி சபைக்குப் போய்விட்டது. "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார் மாஸ்ரர். "அந்தச் செவ்வாய் செல்வி தானே அழுது ஜெபிச்சிருப்பாள், அதைத்தான் கேட்டவர்" என்றார் மூப்பர். செல்வி எழும்பி நடந்ததில் இரண்டு கட்சிக்கும் வெற்றி.

நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்... சிவபாதம் அண்ணை மறுபடி வாயைத் திறக்கும்போது, அந்தக் கிணற்றடிச் சேற்றில் ரஞ்சிக்குப் பக்கத்தில் நானும் முழங்காலில்தான் நின்றேன்.