ஒரே பெயரில் இரண்டு

எரிந்துபோன மோட்டாரின் வார்னிஷ் வாடை என் துப்பட்டாவை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கன்ட்ரோலர் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் அப்போது நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். கரண்ட் எல்லை மீறியதும் மோட்டாரை நிறுத்தவேண்டிய கன்ட்ரோலர் அன்று நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கான ஃபங்ஷனை, அதாவது புரோகிராமில் அந்த வேலைக்கான கோடை, எழுதியவர் பக்கத்து மேசை அக்கா. அந்தியூர்ப் பக்கம் தோட்டக் கூலிக்குப் போகும் பெற்றோரின் மகள். வேலை நிரந்தரமாக அவருக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. "அவங்க கோடுலதான் தப்பு, எழுதிப்போடு அம்மணி" என்றார் மேலாளர். சோதித்துப் பார்க்காமலே அறிக்கையில் அக்காவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அக்கா அழவில்லை. மறுநாள் மதியம் மேலாளரையும் என்னையும் தன் கம்ப்யூட்டர் முன்னால் அழைத்தார். அவருடைய ஃபங்ஷனின் பெயர் 'லிமிட்'. மேலாளரும் தன் ஃபைலில் அதே பெயரில் ஒரு மேக்ரோ எழுதியிருந்தார். மேக்ரோ வெறும் எழுத்து மாற்றம். கோடை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் படிப்பதற்கு முன்பே, அந்தப் பெயர் வரும் இடத்தில் தன் வரியை வைத்துவிடும். மேலாளர் எழுதிய வரி, கரண்ட் அளவைக் குறைத்துக் காட்டுமே தவிர, மோட்டாரை நிறுத்தாது. ஃபங்ஷனை அழைக்கும் இடமும் மேலாளரின் ஃபைலிலேயே இருந்ததால், அக்கா எழுதியது ஒருமுறைகூட ஓடவில்லை. கம்பைலரும் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை.

மேலாளர் சிரித்தார். "செரி, உங்க ஃபங்ஷன் பேரை மாத்திப்போடுங்க. முடிஞ்சுது."

"மாட்டனுங்க சார். மேக்ரோவுக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்துலதான் பேர் வெக்கோணும்னு ரூல் போட்டதே நீங்கதானுங்க. நீங்க மாத்துங்க. அப்பறம், ரிப்போர்ட்டுல என்ற பேர் இருக்குதுங்களே, அதை ஆரு மாத்தறது?"

"உங்க கன்ஃபர்மேஷன்ல நாந்தான் கையெழுத்துப் போடோணும். நெனப்பு இருக்கட்டும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ கண்ணுல பாத்ததை எழுது கண்ணு. அது போதும்."

அன்றே புதிய அறிக்கை எழுதினேன். காரணம் மேலாளரின் மேக்ரோ என்று, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். மேலாளர் மேக்ரோவின் பெயரை மாற்றினார். அக்காவின் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஒரு நாளும் தலைகுனியாமல் வந்துபோய், கடைசியில் அந்த நிரந்தரத்தை வாங்கிக்கொண்டார்.

இப்போது சோதனைப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. காரணத்தைக் கண்ணால் பார்க்காமல் யார் பெயரையும் அறிக்கையில் எழுத விடுவதில்லை. முதலாளியே சொன்னாலும் சரி. சண்டைக்காரி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.