மூடிய ஜாடியில் ஒரு மீன்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கலாம். நடந்தது என் சித்திக்கு. சித்திக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது இரண்டும் சிவந்து அவளைக் காட்டிக் கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது நான் அவள் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை.

சித்தப்பா போன பிறகு சித்தி வீட்டில் தனி. பழம்பொருள் கடை ஒன்றின் பின்னறையில் அவளுக்கு வேலை. வருகிற கண்ணாடிச் சாமான்களைப் பார்த்து, யார் செய்தது, எந்தக் காலத்தது என்று கண்டுபிடித்துச் சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். அங்கே போனால்தான் அவளுக்கு நாலு மனித முகம். அந்த வேலையும் போய்விட்டால், காலையில் எழுந்து "விடிஞ்சிருச்சு" என்று சொல்லச் சுவர்தான் மிச்சம்.

போகிற நிலையில்தான் இருந்தது. போன மாதம், அச்சில் வார்த்த கிண்ணம் ஒன்றை வாயால் ஊதிச் செய்தது என்று எழுதிவிட்டாள். வாங்கியவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, கடை நடுவில் நின்று கத்தித் தீர்த்தார்.

அன்று விடாத மழை. மதியம் மூன்று மணி இருக்கும். முதலாளியம்மா ஒரு ஜாடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"நாளைக்கு ஒரு அம்மா வர்றாங்க. இது யார் செஞ்சதுன்னு சரியாச் சொன்னாத்தான் எடுப்பாங்களாம். இதுலயும் கோட்டை விட்டே, அவ்வளவுதான்."

"விட மாட்டேன்கா."

"கிண்ணத்துக்கும் இதையேதான் சொன்னே."

முன்கதவைப் பூட்டி, பின்கதவுச் சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். கடையில் சித்தியும் மழைச் சத்தமும் மட்டும்.

புகை நிறத்தில் ஒரு ஜாடி. கழுத்து மெல்லியது, வயிறு குடம் போல. வாயால் ஊதியதுதான், சந்தேகமில்லை. அச்சின் இணைப்புக் கோடு எங்கும் இல்லை. அடியில், செய்யும்போது பிடித்திருந்த இரும்புத் தடியிலிருந்து ஒடித்தெடுத்த வடு, தொப்புள் மாதிரி. நீளத் தூரிகையைக் கழுத்துக்குள் விட்டாள். பாதியில் முட்டி நின்றது. உள்ளே குறுகிப் போகிறது போல என்று விட்டுவிட்டாள்.

பெயர்தான் எங்கும் இல்லை.

தேய்ந்துபோன முத்திரையைக் கண்டுபிடிக்க அவர்கள் வேலையில் ஒரு வழி உண்டு. கண்ணாடியின் அடியில் வாயை வைத்து 'ஹா' என்று மூச்சு விட வேண்டும். பனி படரும். பழைய முத்திரை இருந்தால் அந்தப் பனியில் ஒரு கணம் தெரிந்து மறையும்.

சித்தி மூச்சு விட்டாள். பனி படர்ந்தது. மறைந்தது. ஒன்றுமில்லை.

மறுபடி. வயிற்றில், கழுத்தில், விளிம்பில்... ஒன்றுமில்லை.

"யாருப்பா நீ?" என்றாள் ஜாடியிடம், அலுத்துப்போய். "வாயைத் திறந்து சொன்னாத்தான் என்ன? நானும் பேச ஆளில்லாமத்தான் உட்கார்ந்திருக்கேன்."

ஜாடியைத் துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தாள்.

திரும்பி வந்தபோது ஜாடி நிமிர்ந்து நின்றது.

நான்தான் நிமிர்த்தியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். தனியாக இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. எல்லாவற்றையும் தானே செய்ததாக நினைத்துக்கொள்ளலாம்.

தேநீரை வாயருகே கொண்டுபோனாள்.

ஹா...

கோப்பையைக் கீழே வைத்தாள். ஜன்னல் மூடியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை.

ஹா...

நீளமான மூச்சு. ஆண் மூச்சு. நாள் முழுக்க உழைத்தவன், உட்கார்ந்ததும் விடுவது போல.

ஜாடியின் வயிற்றில் பனி படர்ந்துகொண்டிருந்தது.

சித்தி துணியை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

பனி உள்பக்கம்.

அப்புறம் அந்தப் பனியில் ஒரு கோடு விழுந்தது. மெதுவாக. விரல் நுனியால் இழுத்தது போல. வளைந்தது... கீழே இறங்கியது... திரும்பித் தன்னையே வெட்டிக்கொண்டு முடிந்தது.

ஒரே இழுப்பில் வரைந்த மீன்.

ஓட வேண்டும் என்று தோன்றியது.

மூச்சு நின்றது. பனி மறைந்தது. மீனும்.

பேயைவிட முதலாளியம்மாவிடம் சித்திக்குப் பயம் அதிகம். சீட்டை எடுத்து, பெயர் எழுத வேண்டிய இடத்தில் அந்த மீனை அப்படியே வரைந்து வைத்தாள்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். சித்தியைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஜாடியைத் தொடுவதற்கு முன்பே சீட்டைப் பார்த்துவிட்டார். அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதை எங்கேம்மா பார்த்தே?"

"ஜாடிக்கு உள்பக்கம்தாம்மா... மூச்சு விட்டப்ப தெரிஞ்சுது." அது பொய்யில்லை. யார் மூச்சு என்று மட்டும் சித்தி சொல்லவில்லை.

"இருக்காது. எங்கப்பா தான் ஊதுற எந்தச் சாமான்லயும் முத்திரை போட மாட்டார். இருட்டோட சூளைக்குக் கிளம்புவார். நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டுப் பார்ப்பேன். ஜன்னலுக்கு வெளியில நின்னு, கண்ணாடியில மூச்சு விட்டு, விரலால இந்த மீனை வரைஞ்சுட்டுப் போவார். இது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்."

முதலாளியம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்தாள்.

அந்த அம்மா பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கழுத்துக்குள் அடித்தார்.

"இங்கே பாருங்க."

கழுத்தின் அடியில், தண்ணீர்ப் படலம் போல மெல்லிய ஒரு கண்ணாடித் தகடு. ஜாடியின் வயிறு முழுதாக மூடப்பட்டிருந்தது.

"அவர் கடைசியாச் செஞ்சது இதுதான். வயித்தை ஊதிட்டு, அந்த மூச்சை வெளியே விடாம அப்படியே மூடிட்டாராம். கூட வேலை செஞ்சவங்க சொன்னாங்க. அன்னிக்கு வீட்டுக்கு அவர் நடந்து வரல. தூக்கிட்டுத்தான் வந்தாங்க." டார்ச்சை அணைத்தார். "இதுக்குள்ள பனி எப்படிம்மா படியும்? விரல் எப்படிப் போகும்?"

ஜாடியின் வயிற்றை விரலால் தடவினார்.

"அப்போ அவர் வெளியில நின்னார். நான் உள்ள இருந்தேன். இப்போ..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை.

ஜாடியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போனார். சித்தியின் வேலை நிலைத்தது. முதலாளியம்மா அதற்கப்புறம் அவளிடம் குரலை உயர்த்தவே இல்லை. கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவாள்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்து அழுதிருக்கிறார். யாரும் தொடவில்லையாம். அலமாரியில் இருந்த ஜாடியின் கழுத்தடியில் தானாக ஒரு விரிசல். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதானாம்.

"அப்பா போயிட்டார் போலம்மா," என்றாராம்.

எங்கே போனார் என்று சித்தி என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று அவளோடு போனில் பேசினேன். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். கடைக்கதை, முதலாளியம்மா கதை. மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு சத்தம்.

ஹா...

சித்தி பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.

"சித்தி... கூட யாராவது இருக்காங்களா?"



"யாரும் இல்லடி," என்றாள்.

போனில் காது தெரியாது.